பல் மெழுகும் பங்களாத் துவக்கும்

காலை எட்டே கால் மணி. எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பங்களாச் சமையலறையில் முதலில் என் கண்ணில் பட்டது, கோழி வெட்டும் மேசைமேல் பழைய பேப்பரை விரித்துக் கிடத்தியிருந்த தோட்டா போட்டுச் சுடும் நீளமான ஒரு துவக்கு. தேங்காயெண்ணெயும் துருவும் கலந்த வாடை அதிலிருந்து வந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்த மறு வருஷம். மாத்தளை டவுனில் பொய்ப்பல் கட்டிக்கொடுத்த என் வாப்பா, மாதத்தில் ஒரு ஞாயிறு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டங்களுக்குப் போவார், நானும் ஒட்டிக்கொள்வேன். அன்று பங்களாச் சமையற்காரர் முத்தையாவுக்கு மேல்வரிசைப் பல் பொருத்த வேண்டியிருந்தது. எல்லோருக்கும் அவர் 'அப்பு'. அவரோ வாயைத் திறக்கவே மறுத்தார்.

"பல்லு கெடக்கட்டுங்க. நாளைக்குப் பொலிஸ் ஜீப்பு வந்து ஏத்திட்டுப் போனா, அங்க என்னத்தக் கடிக்கப் போறேன்?"

பங்களாச் சாமான்களைச் சரிபார்க்கக் கொழும்பிலிருந்து வந்து தங்கியிருந்த அதிகாரி, பழைய சாமான் புத்தகத்தில் அந்தத் துவக்குக்கு நேரே '303' என்று எழுதியிருப்பதைக் கண்டிருந்தார். 303 என்றால் ராணுவத்தின் துவக்கு. எழுபத்தொன்றில் நடந்த கிளர்ச்சிக்குப் பிறகு அப்படியொன்று வீட்டுச் சுவரில் தொங்கினால் பொலிசுக்குச் சொல்லியாக வேண்டும்; தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை இங்கிலாந்துக்குப் போய்விட்டதால், சாவியை வைத்திருந்த அப்புதான் பதில் சொல்ல வேண்டும். இரும்பில் பொறித்திருந்த எழுத்துகளைப் பார்க்கலாமென்றால், சாம்பல் போட்டு முப்பது வருஷம் அவற்றைத் தேய்த்து மினுக்கி இல்லாமற் செய்தவரும் அப்புவேதான்.

வாப்பா குழலின் நுனியைப் பார்த்தார். "வாய் தேஞ்சி போயிருக்கு, இதை அளந்து பிரயோசனமில்ல. உள்ளுக்குத் தோட்டா உட்காருற இடத்தத்தான் அச்செடுக்க வேணும்."

"துவக்குக்குமா பல்லுக் கட்டுவீங்க?" என்றார் அப்பு.

குழலின் உள்ளே சற்றுத் தள்ளிக் கந்தைத்துணியை அடைத்து, எண்ணெய் தடவி, பல் வேலைக்கான ரோசாநிற மெழுகை உருக்கிப் பின்பக்கத்தால் ஊற்றினார் வாப்பா. முதல் அச்சு வெளியே எடுக்கும்போது உடைந்தது. இரண்டாவதை நன்றாக ஆறவிட்டு, முன்பக்கத்திலிருந்து கம்பியை விட்டு மெல்லத் தள்ளியபோது, கழுத்து ஒடுங்கிய சிறு போத்தல் போன்ற ஒன்று முழுசாக வந்தது. குண்டு உட்காரும் அந்தக் கழுத்தின் அகலம் பன்னிரண்டு மில்லிமீற்றருக்கு மேல். 303 குண்டு எட்டு மில்லிமீற்றர்கூட வராது என்று அதிகாரியே வாப்பாவிடம் சொல்லியிருந்தார்.

அப்பு அச்சை இரண்டு கைகளாலும் ஏந்தி முன்னறைக்குக் கொண்டுபோனார். அதிகாரி தானும் அளந்து பார்த்தார், தலையாட்டினார், பிறகு சிங்களத்தில் ஒரு கேள்வி கேட்டார். அதை வாப்பா அப்புவுக்குத் தமிழில் சொன்னார்.

"அப்படியெண்டா, புத்தகத்தில ஈக்கிற 303 எங்க எண்டு கேக்கிறாரு."

ஒரு ராணுவத் துவக்கு காணாமற் போயிருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். அப்பு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்தப் பொஸ்தகத்த எழுதுறப்ப பழைய கிளாக்கர் ஐயா, இது என்ன துவக்குன்னு எங்கிட்டத்தாங்க கேட்டாரு. நாந்தான் த்ரீ நொட் த்ரீன்னேன். எங்களுக்குத் துவக்குன்னாலே த்ரீ நொட் த்ரீதாங்க. கீழ இன்னொண்ணு எழுதியிருப்பாரு, அதையும் வாசிக்கச் சொல்லுங்க."

அதிகாரியின் விரல் ஒரு வரி கீழே இறங்கியது. துரையின் மகன் வௌவால் சுட்ட காற்றுத் துவக்கு. மிளகளவு ஈயக் குண்டு போடும் அந்தச் சாமான் அதே அறைச் சுவரில்தான் தொங்கியது. அதற்கு நேரேயும், அதே உருண்டைக் கையெழுத்தில், 303.

அதிகாரி சத்தம் போட்டுச் சிரித்தார். இரண்டு 303ஐயும் சிவப்பு மையால் வெட்டிவிட்டு, அச்சைத் தன் பைலோடு வைத்துக்கொண்டார். சமையலறைக்குத் திரும்பிய பிறகு அப்பு வாயைத் திறந்தார். பல் சரியாகப் பொருந்தியது.

மறு வருஷம் அந்தப் பல்லோடு அவர் குடும்பத்துடன் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறினார். துவக்கைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்களாம். உடைந்த முதல் அச்சு என்னிடம் இருக்கிறது. பழைய துவக்குகள் பற்றித் தெரிந்த இருவரிடம் காட்டினேன். ஆளுக்கொரு தோட்டாவின் பெயரைச் சொன்னார்கள், மெழுகு சுருங்கும் என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

பங்களா இப்போது விடுதி. சுவரில் இரண்டு கொக்கிகள் இருக்கின்றன. சாமான் புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டியில் விரித்து வைத்திருக்கிறார்கள். வெட்டிய 303க்குப் பக்கத்தில் வேறெதுவும் எழுதப்படவில்லை.