வாடகை என்கிற ஒரு வரி

கீரனூர் கோர்ட்டில் பதினாறு வருடமாக நான் வக்கீல். கூட்டாகத் தொழில் தொடங்கப் பத்திரம் எழுத யார் வந்தாலும் முதலில் ஒன்றைத்தான் கேட்பேன்: "நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா, யாரு எதை எடுத்துக்கிட்டுப் போவீங்க?" நல்ல காரியம் பேச வந்த இடத்தில் இது என்ன பேச்சு என்று முகம் சுளிப்பார்கள். "இப்பப் பேசுனா என் ஆபீஸ்ல பேசலாம், அப்பறம்னா கோர்ட்டுலதான்" என்று வாயை அடைத்துவிடுவேன். ஊரையே எழுத வைத்தவளுக்குக் கூடப் பிறந்த அண்ணனிடம் மட்டும் பாச்சா பலிக்கவில்லை.

அண்ணன் துபாயிலிருந்து திரும்பி வந்து, அண்ணியின் தம்பியோடு சேர்ந்து எண்ணெய் ஆலை போடுவதாக முடிவு செய்தார். இடம் அண்ணனுடையது, நார்த்தாமலை பக்கம் மூன்று ஏக்கர். செக்கு மெஷினும் திருச்சி வியாபாரமும் அந்தத் தம்பியின் பொறுப்பு. துபாய்க் காசெல்லாம் அம்மாவின் வைத்தியத்துக்கும் வீட்டுக்கும் போய்விட்டது. அம்மாவும் போய்விட்டாள். அண்ணனுக்கு மிச்சம் அந்த மூன்று ஏக்கர்தான்.

"நிலத்தை முதலா வைக்காதீங்கண்ணே. கம்பெனிக்கு வாடகைக்கு விடுங்க. முதலா வச்சுட்டா அது கம்பெனி சொத்து. நாளைக்குக் கடன்னு வந்தா அதுல கை வைப்பாங்க. பிரிஞ்சா அதுலயும் பங்கு வரும்" என்றேன்.

"பொண்ணு எடுத்த வீட்டுல வாடகை வாங்கச் சொல்றியா பாப்பா? நாலு பேரு காறித் துப்ப மாட்டான்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. முப்பது பவுன் வாங்கும்போது வராத கூச்சம், வாடகை என்றதும் வந்துவிட்டது! சீர் என்றால் தட்டில் வைத்து வாங்கலாம், வாடகை என்றால் மானம் போய்விடும். எங்கள் ஊர் மாப்பிள்ளைகளின் கணக்கு இது. நான் பிடிவாதமாக வாடகை என்றே எழுதிக் கொடுத்தேன். அண்ணன் வாங்கிக்கொண்டு போனார்.

பூமி பூஜையன்று காலையில்தான் பத்திரத்தை மறுபடி பார்த்தேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் வைத்திருந்தார்கள். பூஜை முடிந்ததும் கையெழுத்து. சும்மா எடுத்துப் புரட்டினேன். மூன்றாம் பக்கத்தில் என் வரி இல்லை. மூன்று ஏக்கரையும் அண்ணன் தன் பங்கு முதலாகக் கொண்டுவருவதாக, வேறு யாரோ டைப் செய்த வரி இருந்தது.

அண்ணனைப் போர்வெல் பக்கமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா நிலம் போச்சுண்ணே."

"எல்லாம் பேசியாச்சு. நல்ல நேரம் இன்னும் இருவது நிமிசந்தான் இருக்கு. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு பாப்பா."

"அண்ணே, சொல்றதக் கேளுங்க..."

அவர் போய் மணையில் உட்கார்ந்துவிட்டார்.

அவரை நிறுத்த ஒரே ஒரு வழிதான் இருந்தது. நிலம் அப்பாவுடையது, அவர் உயில் எழுதாமல் போனவர். பட்டாவை அண்ணன் பெயருக்கு மாற்றியபோது நான்தான் சம்மதம் என்று தலையாட்டினேன். ஆனால் பட்டா மாறினால் பங்கு மாறிவிடாது. அந்த மூன்று ஏக்கரில் பாதி என்னுடையது. அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை, விட்டேன் என்று எழுதிக் கொடுத்ததும் இல்லை. பங்கு கேட்ட தங்கச்சிக்கு அதோடு பிறந்த வீடு முடிந்தது. அடுத்த மாதம் என் மகளுக்குச் சடங்கு. மாமன் சீருக்குப் பட்டுப்புடவைகூட எடுத்து வைத்திருந்தார் அண்ணன்.

அண்ணன் பேனா மூடியைக் கழற்றினார்.

"அண்ணே, நிறுத்துங்க. இந்த நிலத்துல பாதி என்னோடது. என் கையெழுத்து இல்லாம அது எங்கிட்டும் போகாது."

அய்யர் மணியைக் கீழே வைத்துவிட்டார். அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சோறு இறங்காது.

"பங்கா கேக்குற?"

உங்கள் பங்கைக் காப்பாற்றத்தான் கேட்கிறேன் என்று சொல்ல வந்தேன். அவ்வளவு பேர் நடுவில் சொல்லியிருந்தால், அண்ணியின் தம்பியைத் திருடன் என்று சொன்னதாக ஆகியிருக்கும். "ஆமாண்ணே" என்றேன்.

அண்ணியின் தம்பி பத்திரத்தை மடித்தார். "மொதல்ல ஒங்க வீட்டுப் பஞ்சாயத்தை முடிச்சுட்டு வாங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போய் காரில் ஏறினார். கீரனூர் பஸ்ஸில் ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். வக்கீலாம் வக்கீல்!

மூன்று வாரம் அண்ணனிடமிருந்து போன் இல்லை. பிறகு ஒருநாள் மதியம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. ஒரு பத்திரத்தை மேஜைமேல் வைத்தார். நிலம் கம்பெனிக்கு வாடகைக்கு. நான் சொன்னபடியே, ஒரு வரி பிசகாமல். உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரும் இருந்தது. அவர் ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"வாடகையில பாதி ஒங்களுக்கு வந்துரும்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"எனக்கு எதுக்குண்ணே அது? நான் அன்னைக்குக் கேட்டது..."

"வேணாம்னா அதையும் எழுதிக் குடுத்துருங்க, வக்கீலம்மா."

நிலம் தப்பித்துவிட்டது. என் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டேன். நிமிர்ந்தபோது அண்ணன் படியிறங்கிக்கொண்டிருந்தார்.