மைக்செட்டுக்கு ஒரு மைக்

“நான் சொல்லப்போறது சத்தியமா நடந்த கதை” என்று அவர் ஆரம்பித்தால், மாவு மில்லில் வரிசையில் நிற்பவர்கள் பையைக் கீழே வைத்துவிடுவார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு மீதியையும் ஒப்புக்கொள்வார்: “பாதி அதுவா நடந்துச்சு. மீதிய நான் நடத்தி வச்சேன்.”

நாள் முழுக்க இரைகிற இயந்திரத்தோடு மல்லுக்கட்டி வளர்ந்த குரல். அவர் இங்கே தும்மினால் அடுத்த தெருவில் இருப்பவர்கள் “நூறு ஆயுசு” என்பார்கள். அதனால்தான் அவருக்கு மைக்செட் என்று பெயர். மீசை, புருவம், மூக்கு நுனி எல்லாம் மாவு. கண்ணை மூடிவிட்டால் சுவரோடு சுவர்தான்.

மில்லின் மறு மூலையில் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். வேலை நேரத்தில் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சண்டையில்லை, இயந்திரச் சத்தம்தான் காரணம். எல்லாம் கைச்சாடைதான். விரலைச் சுழற்றினால் ‘இன்னொரு தரம் அரை’. கையைக் குறுக்கே வெட்டினால் ‘நிறுத்து’. நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினால் ‘நல்லா வந்திருக்கு, உன் புண்ணியம்’. தட்டும்போது சட்டையிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பும்.

அந்த மச்சான் வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய் இருக்கப்போகிறார். முன்பொரு நாள் ஓடுகிற பெல்ட்டில் மைக்செட்டின் சட்டைக்கை சிக்கியபோது, மூட்டைகளைத் தாண்டிக் குதித்து சுவிட்சை அணைத்த மனிதர். அதற்கு ஒரு நன்றி சொல்லாமல் அனுப்ப மைக்செட்டுக்கு மனம் வரவில்லை. நேரில் சொல்ல வாயும் வரவில்லை.

“மச்சானுக்கு எவனாவது நன்றி சொல்லுவானா? சிரிச்சே என்னைக் கொன்னுடுவாரு.”

“கண்டவன் பாட்காஸ்ட் எல்லாம் காதுல மாட்டிக்கிட்டுத் திரியறீங்கல்ல? நீங்களே ஒண்ணு பேசுங்க” என்றாள் மனைவி.

போனில் பதிவை ஓடவிட்டு, துணி அலமாரிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அங்கேதான் எதிரொலி இருக்காதாம்.

“வணக்கம் நேயர்களே!” அலமாரிக் கதவு ஆடியது.

“மெதுவாங்க! பக்கத்து வீட்ல பதில் வணக்கம் சொல்றாங்க.”

மனைவியை வெளியே விரட்டிக் கதவைச் சாத்தினார். கதை அருவியாகக் கொட்டியது. வெகுநேரம் கழித்து, அடைமழையில் நனைந்த கோழிபோல் வியர்த்து வழிய வந்து நின்றார்.

“சொல்லிட்டேன்டி!”

மச்சான் புறப்படும் நாள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மாவு அரைக்க வந்த தையல்காரரும் பால்காரம்மாவும் உட்பட எல்லோரும் போனைச் சுற்றி நின்றார்கள். போனில் ஓடிய கதையில், பெல்ட் மைக்செட்டைக் கூரைவரை தூக்கிப்போய், மூன்று சுற்றுச் சுற்றி, ஊரைக் காட்டி இறக்கிவிட்டது. பால்காரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். கடைசியில் குரல் தணிந்தது. “மச்சான்...”

பிறகு பேச்சில்லை. தப், தப் என்று இரண்டு சத்தம். “அவ்ளோதான் நேயர்களே!”

“போன் கீழ விழுந்திருக்கு” என்றார் தையல்காரர்.

“விழுந்தா ரெண்டு தரமா விழும்? ஏதோ கதவுய்யா அது!” என்றாள் பால்காரம்மா.

“நீ பாத்தியா?”

“நீ பாத்தியா?”

மனைவி நேரே மைக்செட்டிடம் போனாள். “நன்றி எங்கங்க? சொல்லிட்டேன்னு குதிச்சீங்க?”

“சொன்னேன்டி! இந்தப் பாழாப்போன போன்தான் முழுங்கிடுச்சு!”

“போன் மேல பழி போடாதீங்க!”

ஆளாளுக்குக் கத்தியதில், நின்ற மில் ஓடுவது போலிருந்தது. மச்சான் மட்டும் தன் பழைய மூலைக்குப் போய் நின்றுகொண்டு, மைக்செட்டின் கண் தன் பக்கம் திரும்பும்வரை காத்திருந்தார். திரும்பியதும் கையை உயர்த்தி நெஞ்சில் இரண்டு முறை தட்டினார்.

ஊருக்குப் போகப் போட்ட புதுச்சட்டை. அதிலிருந்தும் மாவு கிளம்பியது.