எருக்குத் தொட்டியை நகர்த்தியவள்

என் தம்பி பெண்டாட்டி நாச்சாளைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை பேசுவேன் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், அந்த ஆளைத் தைப்பிங் மழையில் குடையில்லாமல் நிறுத்தியிருப்பேன். எனக்கு வாய் நீளம். அவளுக்கு வாயே கிடையாது. எதைச் சொன்னாலும் “சரிக்கா” என்கிறவளோடு எப்படிச் சண்டை போடுவது?

செமோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் அவள். தோட்டம் போய் அந்த இடத்தில் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள் வந்தபோது, அவளும் என் தம்பியும் அங்கேயே ஒரு மூலை வீட்டை வாங்கினார்கள். இருபத்தேழு வருஷம் கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை பார்க்கிற வேலை. ஒவ்வொரு கையுறையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். எனக்கென்றால் அரை நாளில் பைத்தியம் பிடித்திருக்கும்.

என் தம்பி அழகு, லூமுட்டுக்கும் ஈப்போவுக்கும் லாரி ஓட்டியவன். அவன் சிரித்தால் கோப்பிக்கடை முழுக்கக் கேட்கும். அவனுக்குத்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. வலது கால் இழுத்துக்கொண்டது, வாய் ஒரு பக்கம் கோணிப்போனது. கைத்தடியோடு நடக்கலாம், நடக்க நடக்கத்தான் கால் தேறும், இல்லாவிட்டால் அப்படியே முடங்கிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

“இந்த மூஞ்ச வச்சிக்கிட்டு எவன் முன்னாடியும் வர மாட்டேன்” என்று அறைக்குள் போய் உட்கார்ந்தவன்தான். கூட்டாளிகள் வந்தால் தூங்குகிற மாதிரி கிடப்பான். நான் மாதம் ஒரு முறை தைப்பிங்கிலிருந்து பஸ் ஏறி வந்து திட்டுவேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். திரும்பிப் போகிற பஸ்ஸில் நான் அழுவேன்.

நாச்சாள் திட்டவில்லை. ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பட்டாம்பூச்சி ஒன்று உள்ளே வந்து திரிந்தபோது, அவன் தலை அதன் பின்னாலேயே போவதைப் பார்த்திருக்கிறாள். மறுவாரம் ஜன்னலுக்கு வெளியே இட்லிப்பூ, உண்ணிச்செடி, செம்பருத்தி என்று நட்டுவிட்டாள். தேன்சிட்டு வந்தது, பட்டாம்பூச்சிகள் வந்தன. ஆனால் எதுவும் தங்கவில்லை.

எதிர்வீட்டுக் குல்ஜார் பேகம்தான் விவரம் சொன்னாராம். “பூ மட்டும் வச்சா விருந்தாளி மாரி குடிச்சிட்டுப் போயிடும் நாச்சா. முட்ட போட எல வேணும்லா. ஒவ்வொன்னுக்கும் ஒரு எல இருக்கு.” ஆரஞ்சு இறக்கையில் கறுப்புக் கரை போட்ட ஒன்று அடிக்கடி வந்து போனது. அதற்கு வேண்டியது எருக்கிலை.

நாச்சாள் ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய குட்டைப் பக்கம் போய் எருக்கங்கன்று ஒன்றைத் தோண்டி வந்து, தோங்கு என்று நாங்கள் சொல்கிற காலிப் பெயிண்டு வாளியில் நட்டு, ஜன்னலடியில் வைத்தாள்.

எருக்கு! “உன் வீட்டில் எருக்கு முளைக்க” என்று எதிரிக்குச் சாபம் விடுகிறவர்கள் நாங்கள். படுத்துக் கிடக்கிற புருஷனுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுவந்து வைத்தால் என் வயிறு எரியாதா? தூக்கி எறியச் சொன்னேன். “சரிக்கா” என்றாள். அடுத்த தடவை போனால் எருக்கு கதவோரம் நிற்கிறது. அதற்கடுத்த தடவை கார் நிறுத்துகிற இடத்தில். என் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கிறாள் என்று நினைத்து இன்னும் பொரிந்து தள்ளினேன்.

நடந்தது வேறு. இலையில் வரிவரியாகப் புழுக்கள் வந்த நாளிலிருந்து தம்பி ஜன்னலை விட்டு அசையவில்லை. சோற்றுக்குக் கூப்பிட்டால், “இரு, தோல் உரிக்குது” என்பானாம். அதற்குப் பிறகு அவள் வாரத்துக்கு ஒரு முறை தோங்கை இரண்டடி தள்ளி வைத்தாள். ஏன் என்று கேட்டால், “வெயில் படணுங்க” என்பாள். புழுவைப் பார்க்க வேண்டுமென்றால் இவன் எழுந்துதான் ஆக வேண்டும். முனகிக்கொண்டே எட்டு மாதத்தில் வாசல் கேட்டு வரைக்கும் வந்துவிட்டான். கேட்டைத் தாண்டத்தான் மாட்டேன் என்றான். தோங்கை வெளியே வைத்துப் பார்த்தாள். கம்பிக்குள்ளேயே நின்று எட்டிப் பார்த்தான். தோற்றுப்போய் உள்ளே எடுத்து வைத்துவிட்டாள்.

இது எதையும் அவள் என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் ஊரெல்லாம் சொல்லுவேன், அவன் காதுக்குப் போய்விடும் என்று பயந்திருக்கிறாள். நியாயம்தான்.

ஒரு சனிக்கிழமை காலை நான் போய் இறங்கியபோது அவள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். தம்பி குளித்துக்கொண்டிருந்தான். இதை விட்டால் சமயம் கிடைக்காது என்று தோங்கை இழுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, குல்ஜார் வீட்டை ஒட்டிய காலி மனையில் தள்ளினேன். வெட்டிப்போடப் பாராங் கத்தி எடுக்க வீட்டுக்குத் திரும்பினேன். கத்தியோடு வெளியே வந்தால், ஈரத் தலையும் இடுப்பில் சாரமுமாகத் தம்பி கேட்டுக்குள் நிற்கிறான்.

“அக்கா, வெட்டாத. கூடு இருக்கு. இன்னக்கி வெளிய வருது.”

“எருக்கு வீட்டுக்கு ஆகாதுடா!”

நான் அவனைத் தாண்டி ரோட்டில் இறங்கினேன். பின்னால் கேட்டு திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். தடியை ஊன்றி, வலது காலை இழுத்து, பட்டப்பகலில் நடுரோட்டில் என் தம்பி வருகிறான். கத்தியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

வாசல் கூட்டிக்கொண்டிருந்த குல்ஜார் பேகம் நிமிர்ந்து பார்த்தார். “அழகண்ணே! வாங்க வாங்க. எத்தன நாளாச்சு உங்களப் பாத்து!”

போச்சு, திரும்பி ஓடப் போகிறான் என்று நினைத்தேன். அவன் கோணல் வாயாலேயே, “இங்க வந்து பாருங்கம்மா” என்றான்.

இலைக்கு அடியில் ஜிமிக்கி மாதிரி தொங்கிய கூடு வெடித்திருந்தது. கசங்கிய ஈரத்துணி போல ஒன்று வெளியே வந்து கூட்டைப் பிடித்துத் தொங்கியது. பார்க்கப் பார்க்க இறக்கை விரிந்தது. இதையா வெட்ட வந்தோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

பாசார் பையோடு நாச்சாள் தெருமுனையில் திரும்பினாள். நான் வாயைத் திறக்கப் போனேன். விரலை உதட்டில் வைத்துத் தலையாட்டினாள். விளக்குக் கம்பத்தடியில் நின்று, ரோட்டைத் தாண்டி நிற்கிற புருஷனைக் கண்ணில் நீர் வழியப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த மாதத் திட்டு முழுவதும் எனக்குள்ளேயே கரைந்துபோனது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி அவனிடம் வந்தாள்.

“வெயில் ஏறுதுங்க. உள்ள போலாமா?”

“றெக்க காயணும்லா. ஒரு மணி நேரம் ஆவும். நாக்காலி கொண்டா.”

“எங்க போட?”

“இங்கதான். ரோட்டோரமா.”

அவள் அசைவதற்குள் நான் வீட்டுக்குள் ஓடினேன். என் முட்டிக்கு ஓட்டம் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஓடினேன்.