பதினான்காம் மேசையின் கொடி

2024 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை. 4.30க்கு எழுந்தேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிக்க 4.55. கணவர் முந்தின நாளே முந்திரித் தோப்பைப் பார்க்க ஆண்டிமடம் போயிருந்தார், வெள்ளிக்கிழமைதான் திரும்புவார். 5.20க்குக் காபி குடித்தேன். இடது கடைவாயில் வழிந்து புடவையில் சொட்டியது. டம்ளரின் விளிம்பு நெளிந்திருக்கிறது என்று முடிவு செய்து, அதைத் தனியே எடுத்து வைத்தேன். கண்ணாடி பார்க்காமலே தலை வாரி, கைப்பழக்கத்தில் பொட்டு வைத்து, 5.50க்கு அரியலூரில் கம்பெனி பஸ் ஏறினேன்.

இவ்வளவும் என் நாட்குறிப்பில் இருக்கிறது. டம்ளரைப் பற்றி எழுதியதுகூட இருக்கிறது. அது நெளியவில்லை. நெளிந்தது என் முகம்.

முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, இது திரும்பி வருமா என்று கவலையோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதற்கு முகவாதம் என்று பெயர் (முகத்தின் ஒரு பக்கத் தசைகளை அசைக்கும் நரம்பு திடீரென்று வீங்கி வேலை நிறுத்துவது; மூளையில் வரும் பக்கவாதம் வேறு). இரண்டில் எது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் போகவில்லை. அதற்கான காரணம் நோயில் இல்லை, நான் வேலை வாங்கிய விதத்தில் இருந்தது.

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர். காலணியின் மேல்பாகத்தைத் தைக்கும் லைன் ஒன்று என் பொறுப்பு. முப்பத்திரண்டு பெண்கள், முப்பத்திரண்டு மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு சின்னக் கம்பியில் சிவப்புக் கொடி. நூல் அறுந்தாலோ ஊசி உடைந்தாலோ கொடியைத் தூக்க வேண்டும், நான் வருவேன். வேறு எதற்கும் என்னிடம் பேசக் கூடாது. இது கம்பெனி விதி அல்ல, என் விதி. பேச்சு நேரத்தைத் தின்னும், கொடி தின்னாது என்பது என் கணக்கு. திருப்பித் தைக்க வேண்டிய உருப்படி மிகக் குறைவாக வருவது என் லைனில்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்த ஜனவரியில், சென்னையிலிருந்து வந்த மனிதவள அதிகாரி எங்களுக்கு மூன்று நாள் வகுப்பு நடத்தினார். கனிவோடு தலைமை தாங்குவது எப்படி என்று தலைப்பு. இருபது வருடம் லைன் நடத்தியவர்களை உட்கார வைத்து, அட்டையில் வரைந்த முகங்களைக் காட்டி, இது கோபமா சோகமா என்று கேட்டார். எதிரில் இருப்பவர் பேசும்போது தலையைச் சற்றே சாய்க்க வேண்டுமாம். பக்கத்து லைன் சூப்பர்வைசர் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கடைசியில் தூங்கிவிட்டார். அவர்தான் மிகக் கனிவானவர் என்று பாராட்டப்பட்டார். நாட்குறிப்பில் மூன்று நாளுக்கும் சேர்த்து ஒரே சொல் எழுதியிருக்கிறேன்: வீண்.

வகுப்பின் பலனாக ஒவ்வொரு லைனுக்கும் ஒரு முகப்பலகை வந்தது. காலையில் வந்ததும் அவரவர் எண்ணுக்கு எதிரே சிரித்த முகமோ, சாதா முகமோ, தொங்கிய முகமோ மாட்ட வேண்டும். முதல் வாரம் ஒருத்தி தொங்கிய முகத்தை மாட்டினாள். எல்லோர் முன்னாலும் நிறுத்தி, என்ன காரணம் என்று கேட்டேன். அவள் அட்டையை மாற்றினாள். மறுநாளிலிருந்து முப்பத்திரண்டும் பல்லைக் காட்டிக்கொண்டு தொங்கின. அதிகாரி அதைப் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினார். நான் அவரை மனதுக்குள் எள்ளி நகையாடினேன். அந்தப் படத்தை உண்டாக்கியவள் நான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். காலை 8.10க்குப் பதினான்காம் மேசையில் கொடி எழுந்தது. அங்கே கோமதி, குன்னம் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும், நான்கு வருடமாக என் லைனில் தைக்கிறாள். போய்ப் பார்த்தேன். நூல் சரி, ஊசி சரி, மிஷின் சரி.

"எதுக்குக் கொடி?" என்றேன்.

"மேடம், உங்க மொகம்..."

"என் மொகத்தப் பாத்துக்கிட்டுதான் தைக்கிறியா? இதுக்கா கொடி?"

நான் அந்தக் கொடியைக் கம்பியோடு கழற்றி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பொய்க்கொடி, மேசை 14, என்று லைன் நோட்டில் எழுதினேன். நேரத்தையும் எழுதினேன்.

அன்று மாலைவரை மற்ற முப்பத்தொரு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகுதான் தெரிந்தது, பாதிப் பேருக்கு வித்தியாசமே தெரியவில்லையாம். மேடம் எப்பவும் அப்படித்தான் பார்ப்பாங்க என்று நினைத்தார்களாம்.

மறுநாள் காலை முகம் கழுவும்போது இடது கண் மூடவில்லை, சோப்பு உள்ளே போனது. வாய் கொப்பளித்த தண்ணீர் பக்கவாட்டில் பீறிட்டது. அப்போதுதான் கண்ணாடியைப் பார்த்தேன். வலது பாதி நான். இடது பாதி, காயப்போட்ட துணிபோல் தொங்கியது.

இரண்டு வருடமாக ஒரு நாள்கூட லீவு போடாதவள் நான். வெள்ளிக்கிழமை சரக்கு அனுப்ப வேண்டும். கொரோனா காலத்து முகக்கவசம் ஒன்றை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். மாலையில் திருமழபாடியிலிருந்து நாத்தனார் வந்தாள். பஸ் ஜன்னல் காற்றில் ஏதோ பட்டிருக்கும் என்று சொல்லி, ஜாதிக்காயை இழைத்துக் கன்னம் முழுக்கப் பூசினாள். "மூணு நாள்ல நேரா வந்துடும், ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு அலையாதீங்க அண்ணி" என்றாள். அவளுடைய அறிவைப் பற்றி எனக்கு எந்த மயக்கமும் கிடையாது. ஆனாலும் கேட்டுக்கொண்டேன். லீவு எடுக்க வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் அவள்.

வெள்ளிக்கிழமை கணவர் வந்து கவசத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, உடனே ஆட்டோ பிடித்து வந்தார். பெரம்பலூரில் நரம்பு மருத்துவர் என்னைப் பார்த்தபோது மாலை 5.35. எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். நாட்குறிப்பைப் பிரித்துக் காபி வழிந்த நேரத்தைச் சொன்னேன். எண்பத்து நான்கு மணி நேரம், பதினைந்து நிமிடம்.

"இவ்ளோ சரியா எழுதத் தெரியுது, வரத் தெரியலையா?" என்றார். ஸ்டீராய்டு மாத்திரையை (நரம்பின் வீக்கத்தை வற்றவைப்பது) முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால் முகம் முழுதாகத் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு, இப்போதும் தருகிறேன், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார். பிறகு கேட்டார்: "வேலை செய்யிற எடத்துல யாருமே சொல்லலையாம்மா?"

சொன்னார்கள் என்றேன்.

மூடாத கண்ணில் தூசி விழுந்து கருவிழிப் புண் (கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் பகுதியில் வரும் காயம்) வந்தது. இரண்டு வாரத்தில் முடியும் என்று நினைத்த லீவு நான்கு மாதம் ஆனது. பகலில் மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. தூங்கும்போது கண்ணை டேப் போட்டு ஒட்ட வேண்டும். நாக்கின் இடது பாதியில் ருசி இல்லை. இடது காதில் கரண்டி விழுந்தால் இடி விழுந்ததுபோல் இருக்கும். தினம் இருபது நிமிடம் கண்ணாடி முன் உட்கார்ந்து புருவம் தூக்கு, கன்னம் உப்பு, பல் காட்டு என்று பிசியோதெரபி. அட்டை முகங்களைப் பார்த்து நான் சிரித்த சிரிப்புக்கு, என் முகத்துக்கே அதே பயிற்சி வந்து சேர்ந்தது.

மார்ச்சில் மனிதவள அதிகாரி பூங்கொத்தோடு வந்தார். உட்கார்ந்ததும் தலையைச் சாய்த்தார். வகுப்பில் சொன்ன அதே அளவு. "உங்க வலி எனக்குப் புரியுது மேடம்" என்றார். வலியே இல்லை, அசைவுதான் இல்லை என்றேன். அதுவும் புரிகிறது என்றார். போகும்போது அறிவிப்புப் பலகைக்காக ஒரு படம் எடுக்க வேண்டும் என்று செல்போனை நீட்டி, "கொஞ்சம் சிரிங்க மேடம்" என்றார். கணவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். நான் சிரித்தேன். பாதிதான் வந்தது. அவர் இன்னொன்று எடுத்துப் பார்த்தார்.

அவரை இகழ்வது சுலபம். கண்ணாடி முன்னால் தினம் இருபது நிமிடம் உட்கார்ந்தால் அந்தச் சுலபம் குறையும். தெரியாததைத் தெரிந்ததுபோல் அவர் நடித்தார், அவ்வளவுதான். நான் தெரிந்து சொல்ல வந்தவளின் வாயை அடைத்தேன். இரண்டில் எது மட்டம் என்று எனக்குக் குழப்பம் இல்லை.

ஜூன் 10, திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினேன். முகம் முக்கால்வாசி வந்திருந்தது. நரம்பு திரும்பி வளரும்போது வழி மாறிப் போனதால், வாயை அசைத்தால் இடது கண் தானாக மூடுகிறது. இது இனி அநேகமாக இப்படித்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

பத்து மணிக்குக் கோமதி தையலை நிறுத்திவிட்டு எழுந்து என்னை நோக்கி நடந்து வந்தாள். நூல் அறுந்துவிட்டது என்றாள். கொடிக்கு என்ன என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். நான் இல்லாத நான்கு மாதமும் என் லைன் நோட்டில் இருந்தபடியே நடந்திருக்கிறது. மேசை 14க்குக் கொடி இல்லை. ஒவ்வொரு முறை நூல் அறுந்தபோதும் அவள் எழுந்து நடந்திருக்கிறாள், அந்த நேரத்துக்கும் சேர்த்து, என் இடத்தில் நின்றவரிடம் திட்டு வாங்கியிருக்கிறாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் எதிரே போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த இருவர் டப்பாவை மூடிக்கொண்டு நகரப் பார்த்தார்கள். இருங்கள் என்றேன்.

"அன்னிக்கு என்ன சொல்ல வந்த கோமதி?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "எங்கப்பாவுக்கும் இப்படித்தாங்க மேடம் வந்துச்சு. வூட்ல ஒரு மாசம் வேப்பிலை அடிச்சே ஓட்டிட்டாங்க. அப்புறம் மொகம் வரவே இல்ல, அப்படியே போய்ச் சேந்துட்டாரு. அதான், இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்கன்னு சொல்லலாம்னு..."

"மறுநாளாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"கொடி இல்லீங்களே மேடம்."

குத்தலாகச் சொல்லவில்லை. விதியைச் சொன்னாள். எனக்குச் சிரிப்பா வேறு எதுவா என்று தெரியவில்லை, வாய் கோணியது, இடது கண் மூடிக்கொண்டது. நகரப் பார்த்தவர்களில் ஒருத்தி மெல்லச் சொன்னாள்: "பாருடி, மேடம் உன்னப் பாத்துக் கண்ணடிக்கிறாங்க." மூன்று பேரும் குனிந்துகொண்டு சிரித்தார்கள். என் லைனில் சாப்பாட்டு நேரத்தில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. இடது காதில் அது பெரிதாக விழுந்தது.

நோய் என்னைத் திருத்திவிட்டது என்று எழுத மாட்டேன். அப்படி எழுதுபவர்களை எனக்குப் பிடிக்காது. இன்றும் எனக்கு வீண்பேச்சு பிடிக்காது, முகப்பலகை பிடிக்காது. மாறியவை இரண்டுதான். என் முகம் எனக்கு முன்னால் மற்றவர்களுக்குத் தெரிகிறது என்பதை இப்போது உடம்பிலேயே உணர்கிறேன். யாராவது என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தால் கை தானாகக் கன்னத்துக்குப் போகிறது. இன்னொன்று நேரம். எண்பத்து நான்கு மணி நேரம் பதினைந்து நிமிடம் என்று மருத்துவரிடம் கணக்குச் சொன்னேனே, அது தப்பு. சொல்ல ஒருத்தி வந்து நின்ற 8.10லிருந்து எண்ண வேண்டும். அதன் பிறகு போன ஒவ்வொரு மணியும் நான் கொடுத்தது.

ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. 4.30க்கு எழுந்து கண்ணின் டேப்பைப் பிரித்தேன். வழக்கமான பஸ். மற்றவர்கள் வருமுன் லைனுக்குப் போனேன். அலமாரியைத் திறந்து கொடியை எடுத்தேன். மற்றக் கொடிகள் பஞ்சும் தூசியுமாக வெளுத்திருக்க, அது மட்டும் புதுச் சிவப்பாக இருந்தது. பதினான்காம் மேசையில் மாட்டி, திருகாணியை முறுக்கி, தூக்கி இறக்கிப் பார்த்தேன். சரியாக இருந்தது.