முறுக்கு டின்னில் பன்னிரண்டு பட்டாம்பூச்சிகள்

எங்கள் அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. பெருமையடிக்க மட்டும் நன்றாக வரும். இந்த இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்பதில்தான் அம்மாவுக்கும் அவருக்கும் ஓயாத சண்டை.

மலாக்காவில் செங் என்ற ஊரில் எங்களுடையது வரிசையின் கடைசி வீடு. அதனால் பக்கவாட்டில் கொஞ்சம் மண் தரை உண்டு. அந்தத் தாமான் குடியிருப்பில் மற்ற கடைசி வீட்டுக்காரர்கள் எல்லாம் அந்த இடத்தில் சிமெண்டைக் கொட்டிக் காரை நிறுத்தினார்கள். அப்பா காரை ரோட்டோரத்தில் காயவிட்டு, உள்ளே இட்லிப்பூ, செம்பருத்தி, நித்தியகல்யாணி என்று நெருக்கி நட்டு, அதற்குப் பட்டாம்பூச்சித் தோட்டம் என்று பெயரும் வைத்தார். பக்கத்துத் தொழிற்சாலையில் அவருக்கு ஷிப்டு வேலை. இரவு வேலை முடிந்து வந்தால் படுக்கப் போகமாட்டார். பால் கலக்காத கோப்பி ஓவைக் கையில் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் நின்று எண்ணுவார்.

நான் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் எண்ணி மாளாதாம். நான் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்த வருடம் அந்தக் கணக்கு என் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டது. பூக்கள் குறையவில்லை. செடிகள் வாடவில்லை. வருகிறவை மட்டும் ஏனோ குறைந்துகொண்டே வந்தன. அப்பாவின் பேச்சில் மட்டும் ஒன்றுகூடக் குறையவில்லை. தொழிற்சாலை கேண்டீனில் அவர் சொன்ன தோட்டத்தில் பட்டாம்பூச்சிகள் முகத்தில் மோதும். கடைசியில், தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு, எல்லாரும் வந்து பாருங்கள் என்று ஷிப்டு முழுக்க அழைத்துவிட்டு வந்தார்.

அந்த வாரம் அடுத்த வரிசையில் ஒருவருக்கு டிங்கி காய்ச்சல். கொசுவுக்குப் புகையடிக்க ஆட்கள் வந்தார்கள். அடிக்கத்தான் வேண்டும், உயிர் விஷயம். வெள்ளைப் புகை எங்கள் வேலியைத் தாண்டி வந்து, செம்பருத்திக்குள் நுழைந்து, சாவகாசமாக வெளியே போனது. மறுநாள் அப்பா கோப்பியோடு போய் நின்றார். கோப்பி ஆறும்வரை நின்றார். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. என் அப்பாவைப் பார்த்து நாலு பேர் சிரிக்கப் போகிறார்கள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏழு வயதில் ஒரு பெண்பிள்ளை அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற முடிவு செய்துவிட்டால் அவளை யாராலும் தடுக்க முடியாது.

வெள்ளிக்கிழமை நியாலாஸில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். பெரியப்பாவுக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. அவர் வீட்டை ஒட்டி ஒரு சின்னப் பிள்ளையார் கோயில், கோயிலை ஒட்டி ஒரு எருக்கஞ்செடிக் கூட்டம். அந்த எருக்கைச் சுற்றி, ஆரஞ்சு நிறத்தில் கறுப்புக் கரை போட்ட பட்டாம்பூச்சிகள் கூட்டமாய்த் திரிந்தன. பெரியப்பா மகன் என்னைவிட நாலு வயது மூத்தவன். விஷயத்தைச் சொன்னதும் அவன் மீன் பிடிக்கும் வலையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். பன்னிரண்டு பிடித்தோம். ஒரு காலி பிஸ்கட் டின்னில் ஆணியால் ஓட்டை போட்டு உள்ளே விட்டோம். வழியில் பசிக்குமே என்று எருக்க இலைகளையும் ஒடித்துப் போட்டான் அண்ணன். பட்டாம்பூச்சி இலை தின்னாது என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

திரும்பும்போது காரில் என் மடியில் இரண்டு டின்கள். ஒன்றில் பெரியம்மா சுட்ட முறுக்கு, இன்னொன்றில் அப்பாவின் மானம். வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் கண்ணில் படாமலிருக்க, என்னுடையதைச் சமையலறையில் மற்றப் பலகார டின்களுக்கு நடுவில் ஒளித்து வைத்தேன். காலையில் எழுந்ததும் தோட்டத்தில் திறந்துவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

காலையில் எழுந்ததும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். குளிப்பாட்டி, தலை பின்னி, பாவாடை சட்டை போட்டு, இந்த உடுப்போடு மண்ணில் கால் வைத்தால் தோலை உரித்துவிடுவேன் என்று நாற்காலியில் உட்காரவைத்தார். நான் உட்கார்ந்தேன். விருந்தாளிகள் வந்தார்கள். மேசைக்கு டின்கள் வந்தன. எது எது என்று எனக்கே தெரியவில்லை.

எல்லாருக்கும் மூத்தவர் அப்பாவின் சூப்பர்வைசர். மலாய்க்காரர். நான் அவரை மலாயில் மாமா முறை வைத்துப் பாக்சிக் என்று கூப்பிடுவேன். உட்கார்ந்த கையோடு அவர் தோட்டத்தைப் பற்றித்தான் விசாரித்தார். அப்பா, முதலில் சாப்பிடுங்கள் என்று பேச்சை மாற்றினார். நியாலாஸ் முறுக்கு, என் அண்ணி கைப்பக்குவம், மலாக்காவிலேயே இப்படிக் கிடைக்காது என்று ஒரு டின்னை எடுத்துப் பாக்சிக்கின் முகத்துக்கு நேராக நீட்டி மூடியைத் திறந்தார்.

பட்டாம்பூச்சிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. பிறகு மொத்தமாக எழுந்து வரவேற்பறை முழுக்கப் பரவின. முதலில் சுதாரித்தது அம்மாதான்.

"கிப்பாச அடைங்க! மொதல்ல கிப்பாச அடைங்க!"

மூன்று பேர் பாய்ந்து காற்றாடியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்காது. பெரிய பெரிய ஆட்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டு திரைச்சீலைக்குப் பின்னாலும் சாமி படத்துக்குப் பக்கத்திலும் பூனை நடை நடந்தார்கள். பாக்சிக்கின் சொங்கோக் தொப்பியில் ஒன்று போய் உட்கார்ந்தது. அவர் கழுத்தை அசைக்காமல், சிரிப்பையும் அடக்கிக்கொண்டு, அப்படியே எழுந்து, வாசற்படி இறங்கி, தோட்டம்வரை நடந்தார். எல்லாரும் கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனார்கள். இட்லிப்பூவில் பட்டாம்பூச்சிகள் உட்கார்ந்தன. தொழிற்சாலை முழுக்க அந்தப் படம் சுற்றியது. அப்பா சொன்னதற்குக் குறைவாக ஒன்றும் இல்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமான பிள்ளை மலாக்காவில் இருந்திருக்க முடியாது.

எல்லாரும் போன பிறகு அப்பா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. டின்னைக் கவிழ்த்து, வாடிய எருக்க இலைகளை வெளியே எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இலையின் அடியில் உப்புக்கல் மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அவை முட்டைகள் என்று எனக்குத் தெரியாது. தூசி என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை டின்னைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று நியாலாஸுக்குப் போனவர், காரின் பின்னால் இரண்டு எருக்கஞ்செடிகளோடு திரும்பினார். வாசலுக்கு நேராக இருந்த, இருப்பதிலேயே நன்றாகப் பூக்கும் இட்லிப்பூச்செடிகள் இரண்டைப் பிடுங்கிவிட்டு அங்கே நட்டார். அந்த வாடிய இலைகளை அம்மாவின் ஊக்கு கொண்டு புதுச்செடியில் குத்திவைத்தார். அம்மாவுக்குக் குரலே மாறிவிட்டது.

"வீட்டு வாசல்ல யாராச்சும் எருக்க வப்பாங்களா? குடும்பம் வெளங்குமா? அது கோயில்ல இருக்கட்டுங்க."

பாழடைந்த வீட்டில்தான் எருக்கு முளைக்கும் என்று அம்மா சொல்லிக் கேட்டதும் எனக்குத் தூக்கமே போய்விட்டது. காப்பாற்றிக் கொடுத்த மானத்தை அப்பாவே மண்ணில் போட்டுப் புதைக்கிறார் என்று தோன்றியது. பன்னிரண்டும் இரண்டே நாளில் எங்கோ போய்விட்டன. அவை போனதற்கும் அந்தச் செடிதான் காரணம் என்று நான் முடிவு கட்டினேன்.

இரண்டு வாரம் இருக்கும். பள்ளிவிட்டு வந்தவள் பார்த்தேன். எருக்க இலை முழுக்கப் பொத்தல். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரி போட்ட, கொம்பு முளைத்த புழுக்கள் இலையை மென்றுகொண்டிருந்தன. குடும்பம் பாழாவது தொடங்கிவிட்டது என்று அலறிக்கொண்டு ஓடினேன். அம்மா பூச்சி மருந்து டப்பாவோடு வந்தார். வேலைக்குக் கிளம்பி நின்ற அப்பா, சீருடையோடு செடிக்கு முன்னால் குறுக்கே நின்றுகொண்டார்.

"தின்னட்டும் விடும்மா. அதுக்குத்தானே வச்சிருக்கேன்."

அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, டப்பாவைக் கீழே வைத்துவிட்டார். அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து பொத்தல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இத்தனை வருடம் விருந்தாளிகளுக்கு மட்டுமே இலை போட்ட அந்தத் தோட்டத்தில் முதல்முதலாகப் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடுகின்றன என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் தேம்பித் தேம்பி அழுதபடி, அந்த அசிங்கத்தை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு என் இட்லிப்பூச்செடிகளைத் திரும்ப வைக்கும்படி அவரைக் கெஞ்சினேன்.