மூன்றரை மணி வண்டி

“ஹோல்டான், ஹோல்டான்... ஆளு இறங்குது” என்று மெல்லச் சொல்லிக்கொண்டே அவர் இல்லாத பொத்தானை அமுக்கி இல்லாத கதவைத் திறக்கிறார். நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. கூடத்தில் விளக்குப் போடவில்லை. மடியில் உட்கார்ந்திருக்கும் பத்து மாதப் பெண் குழந்தை, இறங்குகிற ஆள் இறங்கி முடியும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, அப்பாவின் கட்டைவிரல்களைப் பிடித்துக் குலுக்குகிறது. வண்டியை எடு என்று அர்த்தம். “போலாம் ரைட்” என்கிறார் அப்பா. தொண்டைக்குள்ளேயே இன்ஜினைக் கிளப்பி முதல் கியர் போடுகிறார். நடுவில் ஒரு கொட்டாவி வந்து கியரை விழுங்கிவிடுகிறது. குழந்தை முறைக்கிறது. அவர் மறுபடி முதல் கியரிலிருந்து ஆரம்பிக்கிறார்.

மணி மூன்றரை. பேப்பர் போடுகிறவர்கூடப் புரண்டு படுக்கிற நேரம்.

அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். டிப்போவில் அவருக்கு ‘மெத்தை’ என்று பெயர். அவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியைத் தேட வேண்டியதில்லை, கையில் தேநீர் இருந்தாலும் தளும்பாது என்பார்கள். மெத்தையைப் பார்த்தே மாதக்கணக்காகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர் வண்டியில் நடத்துநர் கிடையாது. ஏறுகிறவர்கள் அட்டையை இயந்திரத்தில் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். வீட்டுக் கூடத்தில் ஓடும் இந்த வண்டியில் மட்டும் ஓட்டுநர், நடத்துநர், இன்ஜின் எல்லாம் அவரே. பயணி ஒருத்திதான். அவளுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் செக்கரம்மா. சொல்லாமல் கொள்ளாமல் ஏறுவாள், ஏறினால் என்ன சமாதானம் சொன்னாலும் எடுபடாது. “செக்கர் ஏறிட்டா அவ்வளவுதான். நாம யோக்கியனா இருந்தாலும் வேர்க்கும்” என்பார்.

வண்டி விளையாட்டை அவர் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. தாலாட்டு தெரியாது. தெரிந்த சினிமாப் பாட்டு இரண்டும் குழந்தைக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் வேறு வழியில்லாமல், தான் ஓட்டும் தடத்தின் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். அழுகை நின்றது. அன்றிலிருந்து டிப்போ வாசலில் கிளம்பி மார்க்கெட், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. ஒரு நிறுத்தத்தை விழுங்கினால் கண்டுபிடித்துவிடுகிறாள். எப்படி என்று அவருக்கும் புரியவில்லை. “பொறந்து பத்து மாசத்துல ரூட்டு மனப்பாடம். எனக்கே ரெண்டு வாரம் ஆச்சு” என்று பெருமைப்படுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் சொல்வார்.

யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. லேட்டாகத் தூங்க வை, லேட்டாக எழுந்திருக்கும் என்றார் மேல் வீட்டுக்காரர். லேட்டாகத் தூங்க வைத்தார். மூன்றரைக்கே எழுந்தாள், கோபமும் சேர்ந்துகொண்டது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டு என்றார் மச்சினர். கட்டினார். குழந்தை இருட்டிலேயே எழுந்து உட்கார்ந்தது. அவர்தான் மேசை முனையில் முட்டியை இடித்துக்கொண்டு ஒரு வாரம் நொண்டினார். டாக்டர் மட்டும் சிரித்துக்கொண்டே, சில குழந்தைகள் அப்படித்தான், வளர வளரச் சரியாகிவிடும் என்றார். “அவருக்கென்ன, சொல்லிட்டு அடுத்த டோக்கனக் கூப்பிடறாரு. ராத்திரிக்கு அவரா வராரு?”

இதில் கொடுமை என்னவென்றால், அவர் முகம் கழுவிச் சீருடைச் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போடும்போது செக்கரம்மா தூங்கிவிடுவாள். அப்படி ஒரு தூக்கம். ஏழு மணிவரை இடியே விழுந்தாலும் அசையாது. அதைப் பார்த்துக்கொண்டு அவர் செருப்பு மாட்டுவார். உலகத்தில் யார்மீதும் அவ்வளவு பொறாமைப்பட்டதில்லை என்று பிறகு சொன்னார்.

அவர் மனைவி துணிக்கடையில் மதியத்திலிருந்து இரவுவரை வேலை பார்க்கிறார். நாள் முழுக்க நின்றபடி பிரித்துக் காட்டுவதும் மடித்து வைப்பதும்தான் வேலை. அவர் காலை ஷிஃப்ட் முடித்து வீடு திரும்பவும் மனைவி கிளம்பவும் சரியாக இருக்கும். குழந்தை வாசற்படியில் கைமாறும். இந்தக் காலை ஷிஃப்டுக்காக அவர் டிப்போவில் கெஞ்சாத ஆள் இல்லை. அது போனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மனைவி வேலையை விட வேண்டியதுதான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பிடித்து வைத்திருக்கிற வேலை அது. கடையில் இப்போதுதான் பட்டுப் பிரிவைத் தனியாக அவரிடம் கொடுத்திருக்கிறார்கள்.

அதனால்தான் அவர் ஒரு பொய் சொன்னார். “நீ உள்ள கதவச் சாத்திட்டு நிம்மதியாப் படு. நான் எப்படியும் எழுந்திருக்க வேண்டியவன்தானே. அவளும் நான் எழுந்திருக்கும்போதுதான் எழுந்திருக்கா. கொஞ்ச நேரம் விளையாடிட்டு மறுபடி தூங்கிடறா.” மனைவி நம்பிவிட்டார். நம்பாமல் என்ன, விடிந்து பார்த்தால் குழந்தை தூங்கிக்கொண்டுதானே இருக்கிறது. “எங்க பொண்ணு மாதிரி தூங்கற குழந்தையப் பாக்கவே முடியாது” என்று கடையில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். அதை அவர் முன்னாலேயே சொன்னபோது அவரும் ஆமாம் போட்டார்.

தூக்கம் கெட்டவனிடம் உடம்பு சின்னச் சின்னதாகப் பழி வாங்கும். ஒரு நாள் வேலை முடிந்து வந்து, சொந்த வீட்டுக் கதவின்மேல் தன் டிப்போ அட்டையைக் காட்டிவிட்டு, அது திறக்கும் என்று நின்றிருக்கிறார். இன்னொரு நாள் தேநீரைப் பால் பாட்டிலில் ஊற்றி மூடியும் போட்டுவிட்டார். குழந்தை வாய்க்குப் போவதற்குள் நிறத்தைப் பார்த்துப் பதறிப் பிடுங்கினார். வண்டியில் சிக்னலுக்காக நிற்கும்போது அவர் இடது கை தானாக ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுக்கும். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு பெண், எப்போதும் அவருக்குப் பின்சீட்டில் உட்காருகிறவர், அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்னண்ணே, வண்டிக்குத் தூக்கம் வரலையா?” வண்டியே சிரித்தது. அவரும் சிரித்தார்.

பிறகு ஒரு நாள் எட்டு மணி ட்ரிப்பில் அது நடந்தது. வண்டியில் நல்ல கூட்டம். திடீரென்று பின்னாலிருந்து மணி அடித்தது. ஒருமுறை அல்ல, விடாமல். துப்புரவுக்காரப் பெண் எழுந்து நின்று சத்தம் போட்டார்.

“அண்ணே, நிறுத்துங்கண்ணே! ஆஸ்பத்திரி போயிடுச்சு!”

அவருக்கு எரிச்சல் வந்தது. “அதான் நின்னு வந்தாச்சேம்மா! இறங்க வேண்டியவங்க இறங்கலன்னா நான் என்ன பண்றது?”

“எங்கண்ணே நின்னுச்சு?” என்றார் அந்தப் பெண். இப்போது குரலில் கோபமில்லை. அதுதான் அவரைக் கண்ணாடியில் பார்க்க வைத்தது. ஆஸ்பத்திரி நிறுத்தம் தூரத்தில் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அங்கே நின்றிருந்தவர்கள் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஓரங்கட்டிக் கதவைத் திறந்துவிட்டார். இறங்கியவர்களில் ஒருவர், “ராத்திரி கொஞ்சம் ஜாஸ்தியா?” என்று கட்டைவிரலை வாய்ப்பக்கம் கொண்டுபோய்க் காட்டினார். குடிக்காத மனிதர் அதற்கும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். ஆஸ்பத்திரியில் நின்றது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஹோல்டான் என்று சொன்னதும், ஆள் இறங்கியதும், கட்டைவிரலைக் குலுக்கியதும். கட்டைவிரல் என்றதும்தான், நின்றது எந்த வண்டி என்று புரிந்தது.

ஒரு நிறுத்தம் தவறுவது பெரிய குற்றமில்லை. எல்லா ஓட்டுநருக்கும் எப்போதாவது நடப்பதுதான். அவரைப் பயமுறுத்தியது வேறு. ஆஸ்பத்திரிக்கு முந்தியது பள்ளிக்கூடம். அதன் வாசலில் சிக்னலும் சாலையைக் கடக்கும் வெள்ளைக் கோடுகளும் உண்டு. எட்டு மணிக்கு அந்த இடம் பிள்ளைகளாக இருக்கும். அங்கே விளக்கு பச்சையாக இருந்ததா, சிவப்பா? அவருக்குத் தெரியவில்லை. பச்சையாகத்தான் இருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டார். சிவப்பாக இருந்திருந்தால் இந்நேரம் யாராவது கத்தியிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டார். எத்தனை தடவை சொல்லியும், அந்த விளக்கு மனத்தில் எரியவே மாட்டேன் என்றது.

மதியம் வாசற்படியில் குழந்தையை வாங்கும்போது சொல்லிவிட நினைத்தார். மனைவி கொண்டை ஊசியைப் பல்லில் கடித்தபடி, “கஞ்சி அடுப்பு மேல இருக்கு. மூக்கு ஒழுகுது, தொடைச்சு விடுங்க” என்றார். பிறகு நின்று பார்த்தார். “என்னங்க, முகமே சரியில்ல?”

“ஒண்ணுமில்ல. வெயில்.”

“தலையில தண்ணி ஊத்திக்குங்க” என்று சொல்லிவிட்டு மனைவி படி இறங்கிவிட்டார்.

மறுநாள் காலை செக்கரம்மா வழக்கம்போல ஏறினாள். அவர் ஒரு நிறுத்தம்கூடச் சொல்லவில்லை. தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தார். அவள் அழ அழ நடந்தார். பொத்தான் போடும் நேரத்தில் அவள் தூங்கிவிட்டாள்.

டிப்போவில் யாருக்கு எந்த வண்டி என்று ஒதுக்கும் அம்மாவை எல்லோரும் அக்கா என்பார்கள். கண்ணாடித் தடுப்புக்குக் கீழே அக்கா சாவியைத் தள்ளினார். அவர் எடுக்கவில்லை.

“அக்கா, இன்னிக்கு நான் வண்டி எடுக்கல.”

“ஏன் தம்பி, காய்ச்சலா?”

“இல்ல.”

“வயிறா?”

“இல்லக்கா. தூக்கம்.”

அக்கா சிரித்துவிட்டார். “யாருக்குத்தான் இல்ல? எனக்கும்தான் கண்ணு சொக்குது. போய் ஒரு டீயக் குடிச்சுட்டு வந்து எடு.”

“குடிச்சாச்சு. குழந்தை மூணரைக்கு எழுந்துடறா அக்கா. தினமும். நேத்து ஆஸ்பத்திரில நிக்காமலே நின்னுட்டேன்னு நெனச்சேன். பள்ளிக்கூடத்துக்கிட்ட என்ன லைட்டு எரிஞ்சதுன்னே தெரியல.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா முன்னால் குனிந்து குரலைத் தாழ்த்தினார். “காய்ச்சல்னு போட்டுக்கறேன். ரெண்டு நாள் தூங்கிட்டு வா. நீ இப்ப சொன்னது என் காதுல விழல. விழுந்துச்சுன்னா மேல போகும். விசாரணை முடியறவரைக்கும் ஷெட்டுல உக்கார வைப்பாங்க. காலை ஷிஃப்டும் போயிடும். தெரியுமில்ல?”

“தெரியும்.”

அவர் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். காய்ச்சல் இரண்டு நாளில் விட்டுவிடும். மூன்றாம் நாள் செக்கரம்மா மூன்றரைக்கு ஏறுவாள்; எட்டு மணிக்கு அதே சிக்னல், அதே பிள்ளைகள். துணிக்கடையில் பட்டுப் புடவைகளுக்கு நடுவில் நிற்கும் மனைவியை நினைத்தார். அழுகை வந்தது. தூக்கமில்லாதவனுக்கு எதற்கெடுத்தாலும் அழுகை வரும், இதற்கெல்லாம் மதிப்புக் கொடுக்கக் கூடாது என்று தனக்கே சொல்லிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

“தூக்கம்னே போடுங்க அக்கா” என்றார்.

மேலாளர் வந்து கேட்க வேண்டியதைக் கேட்டு, இனி அழைக்கும்வரை வண்டியைத் தொடக் கூடாது என்று சொல்லி முடிப்பதற்குள் எட்டு மணி ட்ரிப் கிளம்பத் தயாராகிவிட்டது. அவர் வண்டிதான்; மாற்று ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். வீடு அந்தத் தடத்தில்தான் என்பதால் அட்டையைக் காட்டிவிட்டு அவரும் ஏறினார். வீட்டில் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இத்தனை நாள் பொய் சொன்னேன் என்பதுவரை சுலபமாக வந்தது. உன் வேலை என்று தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டது.

மார்க்கெட்டில் துப்புரவுக்காரப் பெண் ஏறி, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “என்னண்ணே, இன்னிக்கு இந்தப் பக்கம்?”

“சும்மா... வண்டி எப்படிப் போகுதுன்னு...” என்றவர், முடிப்பதற்குள் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டார்.

பள்ளிக்கூட வாசலில் சிவப்பு விழுந்தது. வண்டி நின்ற குலுக்கலில் அவர் விழிக்கவில்லை. பிள்ளைகள் பைகளைத் தூக்கிக்கொண்டு கடந்துபோனார்கள். பக்கத்திலிருந்த பெண் தற்செயலாகக் கீழே பார்த்தார். தூங்குகிறவரின் வலது கால், செருப்பு வளையும் அளவுக்குத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. விளக்கு பச்சைக்கு மாறி, வண்டி நகர்ந்து, பள்ளிக்கூடம் பின்னால் போன பிறகும் அவர் அந்தக் காலை எடுக்கவில்லை.