புதுச்சத்திரத்தில் கொடுத்த கூழ்

என் வீட்டுக்காரர் காலில் சவரம் செய்துகொள்வார். கல்யாணமாகி வந்த புதிதில் அவரைப் பற்றி எனக்குத் திடமாகத் தெரிந்தது அது ஒன்றுதான். அவர் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை. சின்ன வயதிலிருந்தே என் சுபாவம் அப்படி. ஐந்தாவது வரை படித்தபோது வாத்தியார் கேட்ட கேள்விக்கெல்லாம் தரையைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். கடலூரில் புகுந்த வீட்டிலும் சோறு போடும்போது தட்டைப் பார்ப்பேன், தண்ணீர் வைக்கும்போது சொம்பைப் பார்ப்பேன். அவர் நடந்துபோனால் கால்கள் போகும். முழங்காலுக்குக் கீழே ஒரு மயிர் இல்லாமல், எண்ணெய் தடவி, வழவழவென்று இருக்கும்.

அறுபதுகளில் சிங்கப்பூரில் துறைமுகப் பட்டறை ஒன்றில் அவர் வேலை பார்த்தார். வேலை நேரம் போக மிச்சமெல்லாம் சைக்கிள் பந்தயப் பயிற்சிதான். ஒரே அறையில் பலபேரோடு படுத்து, விடிவதற்கு முன்னால் எழுந்து, ரொட்டியும் வாழைப்பழமும் தின்றுவிட்டுத் தீவைச் சுற்றுவார்களாம். ஒரு சீனக்காரர் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்து விசில் ஊதி விரட்டுவாராம். அந்த வருஷமாவது கிளப் அணியில் இடம் கிடைக்க வேண்டும் என்பதுதான் இவருக்கு ஆசை. கல்யாணத்துக்கென்று லீவில் வந்தவர், கால் கெட்டுப்போய்விடக் கூடாது என்று அந்தப் பந்தய சைக்கிளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மட்கார்டு இல்லை, ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, பெல் இல்லை. கைப்பிடி மட்டும் கிடாக் கொம்பு போல வளைந்திருந்தது.

என் மாமியார் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏன்டா, காசு குடுத்து வாங்குனதுல பாதிய அங்கியே உட்டுட்டு வந்துட்டியா?"

"பந்தய வண்டி அப்படித்தாம்மா இருக்கும்."

"சரி, கால்ல எதுக்குடா சவரம்? ஆம்பள பண்ற வேலையா இது?"

"கீழ விழுந்தா காயத்துல மயிரு ஒட்டிக்கும்மா. கழுவி மருந்து போட செரமம். அங்க எல்லாரும் எடுப்பாங்க."

"விழுவுறதுக்கு முன்னாடியே ஏற்பாடு பண்ணிக்கிறானாம்!" என்றார் மாமியார் என்னைப் பார்த்து. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன்.

ஆனால் மாமியாருக்கு உள்ளுக்குள் பயம். ஒரே பிள்ளை. மாசியில் மறுபடி கப்பல் ஏறினால் எத்தனை வருஷம் கழித்து வருவாரோ. எனக்கும் அதே பயம்தான், வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை. தை மாதம் எங்கள் ஊர் மஞ்சக்குப்பம் மைதானத்திலிருந்து சிதம்பரம் போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயம் ஒன்று நடக்கிறது என்று தெரிந்ததும் மாமியார் கறாராகச் சொல்லிவிட்டார்.

"அதுல மொதல்ல வந்தீன்னா கப்பல் ஏறு, நான் தடுக்கல. வரலன்னா இங்கியே இரு. உள்ளூர்லயே ஜெயிக்காதவன் அங்க போயி இன்னாத்த கிழிக்கப் போற?"

"சரிம்மா, வாக்கு" என்றார் அவர். ஜெயித்துவிடுவோம் என்ற நிச்சயம் குரலில் தெரிந்தது.

பந்தயத்தில் வழியில் நின்று சாப்பிட முடியாது. ஓடுகிற வண்டியிலேயே சாப்பாட்டுப் பையை வாங்கி, தோளில் மாட்டிக்கொண்டு சாப்பிட வேண்டும். கொடுக்கிற வேலை எனக்கு. பழைய வேட்டியில் நீளமான பட்டி வைத்து அவரே ஒரு பை தைத்தார். அதற்குள் மோர் விட்டுக் கரைத்த கேழ்வரகுக் கூழ் ஒரு பாட்டில், வாழைப்பழம், வெல்லக் கட்டி. கொல்லையில் அவர் வேகமாக நடந்து வருவார், நான் பையை நீட்டிக்கொண்டு நிற்பேன். "கைய இழுத்துக்காத புள்ள, நான் எடுத்துக்குறேன்" என்பார். எடுத்துக்கொள்வார். அதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

பந்தயத்தன்று மாமியாரும் நானும் பஸ்ஸில் புதுச்சத்திரம் போய் இறங்கினோம். சிதம்பரத்திலிருந்து திரும்பும்போது அங்கேதான் பை கொடுக்க வேண்டும். மாமியார் புளியமரத்து நிழலில் வேர்க்கடலை விற்ற பெண்ணோடு பேச உட்கார்ந்துவிட்டார். ரோட்டோரத்தில் ஒரே ஆண்கள் கூட்டம். நான் முக்காடு போட்டுக்கொண்டு, தார் ரோட்டையே பார்த்தபடி நின்றேன்.

"வர்றாங்க, வர்றாங்க!" என்று சத்தம் கேட்டது. கையை நீட்டினேன். குனிந்த கண்ணுக்கு மிதிக்கிற கால்கள்தான் தெரிந்தன. முதலில் வந்தவை ரோமக் கால்கள். போகட்டும் என்று விட்டேன். அடுத்து வழவழவென்று எண்ணெய் மினுக்கோடு இரண்டு கால்கள் வந்தன. இந்த ஜில்லாவிலேயே காலை மழித்துக்கொள்கிற ஆம்பளை என் வீட்டுக்காரர் ஒருவர்தானே? தைரியமாகப் பையை நீட்டினேன். ஒரு கை அதை வாங்கிக்கொண்டது.

"மெர்சி!" என்று சொல்லிவிட்டுப் போனது அந்தக் குரல். அவர் குரல் இல்லை.

திக்கென்றது. அதற்குள் இன்னொரு வழவழக் கால், நீட்டிய கை. "பை எங்க புள்ள?" என் கையில் ஒன்றுமில்லை. அவர் எனக்காக வேகத்தைக் குறைத்தார், முன்னால் போகிறவன் தோளில் தன் பை ஆடுவதைப் பார்த்திருப்பார், மறுபடி வேகமாக மிதித்துப் போய்விட்டார்.

மாமியார் எழுந்து வந்து என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். "என் ராசாத்தி! வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன். புருசன நிறுத்துறதுக்கு இன்னா வேல பண்ணியிருக்க!"

"இல்லத்த, நான் தெரியாம..."

"எங்கிட்டயேவா? உடு, உடு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தையே இப்படி நினைத்தால் அவர் என்ன நினைப்பார்? வேண்டுமென்றே தோற்கடித்தவள் என்று மனதில் வைத்துக்கொண்டு, அம்மாவுக்குக் கொடுத்த வாக்கையும் தூக்கிப் போட்டுவிட்டுக் கோபத்திலேயே கப்பல் ஏறிவிட்டால்? பஸ் மஞ்சக்குப்பம் போகும்வரை எனக்கு இதே யோசனைதான்.

மைதானத்தில் அவர் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஆலப்பாக்கம் தாண்டியதும் தசை பிடித்துக்கொண்டதாம், நான்காவதாக வந்திருந்தார். மாமியார் ஊருக்கே கேட்கும்படி, "எம் மருமவ கெட்டிக்காரிடா!" என்று ஆரம்பித்தார். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

அப்போது முதலாவதாக வந்த ஆள் எங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து திரும்பியவராம், பந்தயமும், காலை மழிப்பதும், நன்றிக்கு 'மெர்சி' என்பதும் அங்கே பழகியதாம்.

"மச்சான், இந்தத் தங்கச்சி குடுத்த கூழு இல்லன்னா வழியிலயே சுருண்டிருப்பேன்" என்றபடி என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்தார்.

நான்கு கால்களும் ஒரே வரிசையில், ஒரே மாதிரி வழவழவென்று இருந்தன. என் வீட்டுக்காரர் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்.

"காலப் பாத்தா குடுத்த?"

தலையை ஆட்டினேன்.

"மூஞ்சப் பாக்கல?"

"இல்லீங்க."

"சரி, இப்ப குனிஞ்சபடியே சொல்லு. எனக்கு மச்சம் எந்தக் கன்னத்துல இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது. "கன்னத்துல தெரியாதுங்க. வலது கணுக்கால்ல செயின் கிழிச்ச தழும்பு இருக்கு. எடது கட்டவெரல் நகம் கறுத்திருக்கு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். பாண்டிச்சேரிக்காரரும் சேர்ந்துகொண்டார். மாமியார் மட்டும், "அப்ப நெசமாவே தெரியாமத்தான் குடுத்தியாடி?" என்று ஏமாந்துபோய் நின்றார்.

"அம்மா, நான் போவல" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "தோத்ததுக்காக மட்டும் இல்ல. மூஞ்சி தெரியாத பொண்டாட்டிய உட்டுட்டுப் போனா, நான் திரும்பி வர்றன்னைக்குக் கப்பல்லேர்ந்து எறங்குற வேற எவனையாவது வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுவா."

அந்த நிமிஷம் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். மச்சம் கன்னத்தில் இல்லை, மோவாயில் இருந்தது.

மாசியில் கப்பல் அவர் இல்லாமல் போனது. சிதம்பரம் ரயிலடிப் பக்கம் சைக்கிள் கடை வைத்தார். சவரத்தை மட்டும் விடவில்லை. மறு வருஷமும் பந்தயத்துக்குப் போனார். நானும் புதுச்சத்திரத்தில் நின்று, முகத்தை நன்றாகப் பார்த்து, பையைச் சரியான கையில்தான் கொடுத்தேன்.

அப்போதும் நான்காவதாகத்தான் வந்தார்.